பயில்நிலை ஓவியரும் விமரிசனக் கடனும்

மாயக்கதை விளையாட்டுகளில் வரும் பாத்திரங்களுக்கு முகம் வரைந்து பழகும் இளைஞர் இன்று பல நாடுகளிலும் உளர். யாழ்ப்பாணக் குடாநாடும் இதற்கு விலக்கன்று. கொப்பித் தாளிலே பென்சிலால் வரைவோரும், கணினித் திரையிலே வண்ணந் தீட்டுவோரும், கைபேசியில் விரலாற் கோடிழுப்போரும் இவருள் அடங்குவர். இவர்கள் தாம் வரைந்த முகத்தைப் பிறரிடங் காட்டி, அது எவ்வாறு அமைந்துள்ளது என வினவுகின்றனர். அவ்வினாவுக்கு அவர்கள் பெறும் விடை பெரும்பாலும் மூன்று வகையினதே. ஒன்று, 'மிக நன்று' என்னும் புகழுரை. மற்றொன்று, நகைப்பு. மூன்றாவது, மௌனம். இம்மூன்றும் வெவ்வேறானவை போலத் தோன்றினும் பயனளவில் ஒன்றேயாம். ஏனெனின் இம்மூன்றையும் படத்தைப் பாராமலே வழங்கிவிடலாம்.

இவற்றுள் மிகுந்த தீங்கு பயப்பது முதலாவதே. நகைப்புக்கு ஆளான இளைஞர் சினங்கொண்டாவது மீண்டும் வரைவர். மௌனத்தைக் கண்டவர் வேறொருவரை நாடிச் செல்வர். புகழுரை பெற்றவரோ தமது படம் நிறைவுற்றதென நம்பி, அதே பிழையை அடுத்த நூறு படங்களிலும் பிழையென அறியாமலே செய்துகொண்டிருப்பர். பயில்நிலை ஓவியருக்கு அவர்தம் குறையை இடஞ்சுட்டிக் காரணத்தோடு எடுத்துரைப்பது கொடுமையன்று. அவருக்குச் செய்யத்தக்க மரியாதைகளுள் தலையாயது அதுவே. அவ்வாறு செய்யாது புகழ்ந்து அனுப்பிவிடுவது அன்பின் வேடம் பூண்ட அலட்சியமாகும். யாழ்ப்பாணத்துக் கற்றோர் இவ்வலட்சியத்தைப் பண்பாடு எனப் போற்றி வருதல் கண்டிக்கத்தக்கது.

முகமும் கதையும்

விளையாட்டுப் படத்துக்கு விமரிசனமா என முகஞ்சுளிப்போர் முதலில் அப்படத்தின் தொழில் யாதென அறிதல் வேண்டும். 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரமாகவே பேசிக் கதையை நடத்திச் செல்லும் முறை அது. அங்கு முகம் சொல்லாலே தீட்டப்பட்டது. பின்னர் இவ்வகை விளையாட்டுகள் கணினிக்குச் சென்றபோது பாத்திரத்தின் முகம் திரையின் ஓரத்திலே ஒரு சிறு கட்டத்துள் இடம்பெறலாயிற்று. 1998 இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேற்' என்னும் விளையாட்டு, ஆடுவோர் தாம் வரைந்த முகத்தையே பாத்திரத்துக்கு இட்டுக்கொள்ளவும் வழிவிட்டது. பயில்நிலை ஓவியர் பாத்திர முகம் வரைவதற்கு இத்தகைய விளையாட்டுகள் பெருந் தூண்டுதலாயின.

ஆகவே இம்முகப்படத்துக்கு மூன்று கடமைகள் உள. பெருவிரல் நகத்தளவாகச் சுருக்கியபோதும் அது இன்னார் முகமென அடையாளங் காட்டுதல் வேண்டும். உடன்வரும் ஏனைய பாத்திரங்களின் முகங்களினின்றும் வேறுபட்டு நிற்றல் வேண்டும். அப்பாத்திரம் வைத்தியரோ கள்வரோ, நம்பத்தக்கவரோ அல்லரோ என்பதை ஆடுவோர் ஒரு கணத்தில் உணரச் செய்தல் வேண்டும். இவை எளிய கடமைகள் அல்ல.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படுகிறது. உயிரோடுள்ள ஒருவரின் உருவப்படமாயின், எதிரே இருப்பவரை ஒத்துள்ளதா இல்லையா எனச் சொல்லலாம். இல்லாத ஒருவரின் முகத்துக்குச் சரியேது, பிழையேது என்பது அத்தடை. இது மேலோட்டமான வாதம். எதிரே ஆள் இல்லாவிடத்துக் கதையே ஆளாக அமர்ந்திருக்கிறது. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது மணியம் அதற்குச் சித்திரம் வரைந்தார். வந்தியத்தேவனையோ நந்தினியையோ அவர் நேரிற் கண்டவரல்லர். அக்கதை வாசித்தவர் எவருங் கண்டவரல்லர். எனினும் அம்முகங்களைப் பார்த்த தலைமுறையினர் இவரே அவர் என ஒப்புக்கொண்டனர். 'அம்புலிமாமா'வில் சங்கர் வரைந்த விக்கிரமனும், அவன் தோளிற் கிடந்த வேதாளமும் அத்தன்மையனவே. கதையோடு ஒத்துவந்தமையாலேயே அவை நிலைபெற்றன. ஒத்துவருதல் என்று ஒன்று உண்டெனில், ஒத்துவராமையும் உண்டு. அதைச் சொல்லுதலும் இயலும்.

யாழ்ப்பாணத்தார்க்கு மிக அணித்தான எடுத்துக்காட்டுக் கந்தபுராணம். இப்பிரதேசத்தின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் எனப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை குறித்தார். ஆறு காண்டங்களும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட அந்நூலில், எந்த மேனாட்டு மாயக்கதைக்கும் இளைக்காத பாத்திரங்கள் உள. ஆனைமுகத் தாரகன், சிங்கமுகன், ஆட்டுமுகங் கொண்ட அசமுகி, இவர்க்கெல்லாந் தலைவனான சூரபன்மன் என நீளும் அவ்வரிசை, பாத்திர முகம் வரைவோருக்குக் குறையாத சுரங்கம். கந்தசட்டி முடிவிலே குடாநாட்டு முருகன் ஆலயங்களில் நிகழும் சூரன் போரில், ஒரே உடலுக்குத் தலைகள் மாற்றி மாற்றிப் பொருத்தப்படும் காட்சியைக் குழந்தைகளும் அறிவர். பாத்திர முகம் என்னும் கலை இம்மண்ணுக்குப் புதிதன்று.

சூரபன்மனை வரையும் பயில்நிலை ஓவியர் பெரும்பாலும் செய்வதென்ன? முறுக்கிய மீசை, செந்நிறக் கண், கடைவாய்ப் பல் ஆகியவற்றை இட்டு முடித்துவிடுகின்றனர். இதைக் காண்போரும் 'பயங்கரமாக உள்ளது, மிக நன்று' என்று கூறி நகர்ந்துவிடுகின்றனர். கந்தபுராணத்துச் சூரபன்மனோ கடுந்தவம் இயற்றி, ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆளும் வரம் பெற்றவன்; போர்க்களத்தில் முருகனின் பேருருவைக் கண்டு வியந்து நின்றவன்; ஈற்றில் சேவலும் மயிலுமாகி அப்பெருமானுக்குக் கொடியும் ஊர்தியும் ஆனவன். தவமும் செருக்கும் ஒருங்கே குடியிருந்த முகம் அது. சிங்கமுகனோ சிறையிலிட்ட தேவரை விடுவிக்குமாறு தமையனுக்கு அறிவுரை கூறியவன். தமையன் அதைக் கேளாதபோதும் அவன் பொருட்டே போர்புகுந்து மாண்டவன். சிங்கத்தின் பிடரியும் பல்லும் மட்டும் வரைந்தால் அங்கே விலங்கு உண்டு. அறிவுரை கூறிய தம்பி இல்லை. 'பிடரி நன்றாயுள்ளது, ஆனால் அமைச்சரவையில் எழுந்து பேசியவனை இம்முகத்திற் காணவில்லை, கண்ணையும் புருவத்தையும் மீண்டும் வரைக' என ஒருவர் சொல்வாராயின், அவ்வோவியர் அன்று கற்பது ஒரு மாத காலப் புகழுரையிற் கற்பதனினும் மிகுதி.

மரபு எதைச் சொல்கிறது?

குறை கூறுதல் தமிழர் பண்பன்று, அது மேனாட்டு வழக்கம் என்று சிலர் மொழிவதுண்டு. தமிழ் மரபை அறியாதார் கூற்று இது. கந்தபுராணம் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேறிய கதையையே நோக்குக. கச்சியப்ப சிவாசாரியர் காப்புச் செய்யுளைத் தொடங்கிய அளவிலேயே, அதன் முதற்றொடரிலுள்ள புணர்ச்சிக்கு இலக்கணத்தில் விதி இல்லையென அவையிலிருந்தோர் தடுத்தனர் என்றும், வீரசோழியத்தில் அதற்கு விதி காட்டப்பட்ட பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது என்றும் வழிவழியாகக் கூறுவர். இது கர்ணபரம்பரைக் கதையே. ஆயினும் அது தமிழர் எதை மதித்தனர் என்பதைக் காட்டுகிறது. தடை சொன்னோர் நூல் முழுவதையும் இகழவில்லை. ஓர் இடத்தைச் சுட்டினர், அதற்குக் காரணம் கூறினர். விடை கிடைத்ததும் ஏற்றனர். தெய்வமே முதலடி எடுத்துக் கொடுத்ததாகப் போற்றப்படும் நூலுக்கே தடை எழுப்பலாம் என நினைத்த சமூகம், இன்று ஓர் இளைஞரின் பென்சிற் சித்திரத்துக்குத் தடை சொல்ல அஞ்சுவது விந்தையே.

அந்நூல் யாழ்ப்பாணத்து ஆலயங்களிலே படிக்கப்பட்ட முறையும் கருதத்தக்கது. புராணபடனத்தில் ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். வாசிப்பவர் சீர் பிரிப்பதில் தவறினாலோ, பயன் சொல்பவர் பொருளிற் பிழைத்தாலோ, கேட்டிருக்கும் வல்லோர் அவ்விடத்திலேயே திருத்துவர். அது அவமதிப்பெனக் கொள்ளப்படவில்லை. படிப்பவர் திருந்தினார், கேட்பவரும் விழிப்போடிருந்தனர். நாட்டுக்கூத்திலும் இதனை ஒத்த ஏற்பாடு உண்டு. உடுப்பும் ஒப்பனையும் இன்றி ஆடிப்பார்க்கும் வெள்ளுடுப்பு, அரங்கேற்றத்துக்கு முன்னரே குறை காணப்படுவதற்காக அமைந்தது. அண்ணாவியார் ஆட்டத்தை நிறுத்தித் திருத்துவார். அன்று திருத்தப்படாத கூத்தர் அரங்கிலே ஊரார் முன் தவறுவார் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர்.

நன்னூலார் நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து, உத்தி முப்பத்திரண்டு என வகுத்தார். குற்றத்துக்குப் பெயரிட்டமையே அவர் செய்த பேருதவி. பெயரில்லாக் குறையை எவரும் திருத்த முடியாது. அக்குற்றங்களுட் சிலவற்றைப் பாத்திர முகத்தின்மேல் வைத்துப் பார்த்தால், அவை ஓவியத்துக்கென்றே கூறப்பட்டன போலப் பொருந்துகின்றன. முடியும் கவசமும் மணியும் மாலையும் குவித்து முகத்தை மறைத்தல் 'மிகைபடக் கூறல்' ஆகும். பத்துப் பாத்திரங்களுக்கும் ஒரே மூக்கையும் ஒரே வாயையும் இட்டு, தலைமயிரை மாத்திரம் மாற்றுதல் 'கூறியது கூறல்' ஆகும். ஒளி எப்பக்கமிருந்து வீழ்கிறது என அறியமுடியாதவாறு நிழல் இடுதல் 'மயங்க வைத்தல்' ஆகும். பின்னணியிலுள்ள நாகத்தைச் செதில் செதிலாக வரைந்து, முன்னிற்கும் வீரரை அரைகுறையாய் விடுதல் 'மற்றொன்று விரித்தல்' ஆகும். பவணந்தியார் கையளித்த இவ்வளவு கருவிகளையும் வைத்துக்கொண்டு 'நன்று' என்னும் ஒரே சொல்லோடு நிற்பது வறுமையினால் அன்று, சோம்பலினாலேயே.

ஓவிய உலகு காட்டும் பாடம்

குறை கூறுதல் வேண்டும் என்பதனால் எவ்வளவு கோலையுங் கொண்டு அளக்கலாம் என்பது பொருளன்று. பிழையான அளவுகோல் புகழுரைக்கு நிகரான தீங்கைச் செய்யும். இலங்கையில் 1891 இல் தோன்றிய இலங்கைக் கலைச் சங்கம் ஆங்கிலக் கலைக்கூடங்களின் சுவையையே நெடுங்காலம் அளவுகோலாகக் கொண்டிருந்தது. அதற்கு மாறாகவே 1943 இல் லயனல் வென்ட் முதலியோரின் முயற்சியால் '43 குழு' அமைந்தது. யோர்ச் கீற், ஜஸ்ரின் தரணியகல, ஐவன் பீரிஸ் முதலியோர் அதில் இடம்பெற்றனர். அவர்கள் விமரிசனத்தை வெறுத்துப் பிரிந்தவரல்லர். தமது ஓவியம் எதை நாடியதோ அதை வைத்து அளக்கும் விமரிசனத்தை வேண்டியே பிரிந்தனர்.

யாழ்ப்பாணமும் இவ்வகையில் வெறுமையாயிருந்ததில்லை. இலங்கையில் ஓவியக் கல்வியின் வித்தியாதரிசியாக விளங்கிய சி. எவ். வின்ஸரின் பெயரால், 1938 இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் 'வின்ஸர் ஆட் கிளப்' என்னும் ஓவியக் கழகத்தைத் தோற்றுவித்தார். ஓவியத்தில் ஈடுபாடுடையோர் ஒருங்குகூடி வரையவும், ஒருவர் படைப்பை மற்றவர் காணவும் அது வழிசெய்தது. அதன் பின்னர் ஓவியர் அ. மாற்கு (1933–2000) வகுப்பறைக்கு உள்ளும் புறம்பும் இளைஞரை அணைத்து ஓவியம் பயிற்றினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர். மாற்குவைச் சிறப்பித்து 1987 இல் 'தேடலும் படைப்புலகமும்' என்னும் நூல் வெளிவந்தது. ஓவியர் ஒருவரைப் பற்றி எழுதுதல் கல்விமான்களுக்குத் தகுந்த பணியே என்பதை அது நிறுவியது.

அத்தொடர்ச்சி பின்னர் அறுபட்டமைக்குக் காரணங்கள் வெளிப்படையானவை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது வீடுகளோடு ஓவியங்களும் கைவிடப்பட்டன. ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு ஊர்களுக்கும் நாடுகளுக்குஞ் சிதறினர். போர் 2009 இல் முடிவுற்றது. சுவரில் தொங்கும் படத்தைச் சுற்றி நின்று பேசும் வழக்கம் மட்டும் முழுமையாகத் திரும்பி வரவில்லை. இன்று மாயக்கதைப் பாத்திரம் வரையும் இளைஞருள் பலர் ஆசிரியரின்றியே பயில்பவர். பழைய ஓவியரின் மூலப்படங்களை அவர்கள் கண்ணாற் கண்டிரார். அத்தகையோர் வந்து வினவும்போது 'நன்று' என்று கூறி அனுப்புதல், பசித்து வந்தவருக்கு இலையை மட்டும் விரித்துவிட்டு எழுந்து போவதை ஒக்கும்.

தடைகளும் விடைகளும்

'தளிரைக் கிள்ளலாகாது, ஊக்கமே பயில்வோர்க்கு மருந்து' என்பது புகழுரையாளர் வழக்கமாகக் கூறும் சமாதானம். இதை யாழ்ப்பாணத்துக் கமக்காரரிடம் கூறின் அவர் நகைப்பார். புகையிலைச் செடியின் நுனியை உரிய காலத்திற் கிள்ளி, பக்க முளைகளையும் அகற்றினாலன்றி இலை அகலமும் தடிப்பும் பெறாது என்பதை அவர் அறிவர். எங்கே கிள்ளுவது, எப்போது கிள்ளுவது என்பதே அவர்தம் தொழிலறிவு. கிள்ளாமலே விடுவது செடிமீது கொண்ட இரக்கமன்று. ஊக்கம் வேண்டாமென எவருங் கூறவில்லை. 'இம்முகத்தின் இடக் கன்னத்து ஒளி உண்மையாயுள்ளது' என்பது ஊக்கம். அது ஓவியரின் எந்தச் செயல் பலித்ததென அவருக்கு உணர்த்துகிறது. 'மிக நன்று' என்பது எதையும் உணர்த்துவதில்லை.

இரண்டாவது தடை எதிர்ப்புறத்தினின்றும் வருவது. விளையாட்டுப் படங்களைக் கலையெனக் கொண்டு ஆராய்வது பல்கலைக்கழகத்தாரின் தகுதிக்கு இழுக்கு என்பர் சிலர். இவர்களே மௌனத்தின் காவலர். 'சிரித்திரன்' இதழை நடத்திய சிவஞானசுந்தரம் கேலிச் சித்திரமாகவே சவாரித் தம்பரை வரைந்தார். தம்பரின் உருவம் யாழ்ப்பாணத்துக் கிராம மனிதர் ஒருவரைச் சில கோடுகளிற் பிடித்து நிறுத்தியது. சிறு கட்டத்துள்ளும் ஒரு பாத்திரம் எவ்வாறு உயிர்பெறும் என்பதற்கு அதனினும் நல்ல பாடம் வேறில்லை. அன்று அதை வெறும் பகிடியெனத் தள்ளியவர், பின்னர் அதையே சமூக ஆவணமென மேற்கோள் காட்ட நேர்ந்தது. கோயில் வாகனஞ் செதுக்கும் சிற்பியின் யாளியும், விளையாட்டுக்கு முகம் வரையும் இளைஞரின் யாளியும் கற்பனை என்னும் ஒரே ஊற்றிலிருந்து பிறப்பவை. ஒன்றை வணங்கி மற்றொன்றைப் பாராதிருப்பது ஆராய்ச்சி ஆகாது.

மூன்றாவதாக, 'குறை சொல்பவர் முதலில் வரைந்து காட்டட்டும்' என்பது பயில்வோர் தாமே எழுப்பும் தடை. கறியில் உப்புக் கூடியதென்று சொல்ல உண்பவருக்கு உரிமையுண்டு. எவ்வளவு குறைப்பதென்று சொல்லவே சமையலறிவு வேண்டும். விளையாட்டை ஆடுபவர் 'இவர் வைத்தியரெனத் தோன்றவில்லை, கொலைஞர் போலத் தோன்றுகிறார்' எனின், அது ஓவியங் கற்காதவர் கூறினும் மெய்யான செய்தியே. அதை ஏன் என ஆராய்ந்து வழி காண்பது ஓவியரின் வேலை, அல்லது அவர்தம் ஆசிரியரின் வேலை. இரு வகையினரும் தத்தம் எல்லையறிந்து பேசின் இரண்டும் பயன்படும்.

நான்காவது தடை அண்மைக்காலத்தது. சில சொற்களைக் கொடுத்தாலே இயந்திரம் நொடிப்பொழுதில் பளபளப்பான முகமொன்றை வரைந்து தரும்போது, பிழைபட்ட கைவரைவைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் என்பர். இவ்வாதம் தன்னையே வெட்டிக்கொள்கிறது. முன்னிருந்த படங்களைப் பெருந்தொகையாய்ச் செரித்து அவற்றைப் போன்றதொன்றை அவ்வியந்திரம் தருகிறது. எனவே அடிக்கடி வரையப்பட்ட முகமே அதனிடம் எளிதாய்க் கிடைக்கும். அறிவுரை கூறித் தோற்ற சிங்கமுகன் அதனிடம் எளிதிற் கிடையான். அவனைக் கதை படித்து, நினைந்து, பலமுறை அழித்து வரையும் ஒருவரே தரவல்லவர். பளபளப்பு மலிந்த காலத்தில், ஏன் இம்முகம் இவ்வாறு இருக்கிறது எனக் கேட்டு விடைபெறும் பயிற்சியின் பெறுமதி குறைவதில்லை.

நகைப்போரைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்தார்க்குக் கண்டனம் எழுதத் தெரியாதென எவருங் கூறார். ஆறுமுக நாவலர் (1822–1879) காலத்துக் கண்டனப் பிரசுரங்கள் தமிழ் உரைநடைக்கே உரம் ஊட்டின. ஆயின் அவை தம்மோடு நிகரான எதிரியை வாதத்தில் வெல்லுதற்கு எழுந்தவை. அவ்வாயுதத்தை, பழகவந்த ஒருவர்மேல் ஓச்சுவது வீரமன்று. கண்டனம் வெற்றியை நாடுகிறது. திருத்தம் அடுத்த படத்தை நாடுகிறது. சாற்றுகவிக்கும் கண்டனத்துக்கும் இடையே மூன்றாவதொன்று உண்டென்பதைக் கற்றோர் மறந்தமையே இன்றைய கேட்டுக்கு வேர்.

செய்யத்தக்கது யாது?

திருத்தம் சொல்வோர் மூன்றைக் கூறுதல் வேண்டும்: இடம், காரணம், வழி. 'முகம் சரியில்லை' என்பது திருத்தமன்று. 'கண்கள் தலையின் உயரத்தில் நடுவே அமைதல் வேண்டும். இங்கே நெற்றி சுருங்கிக் கண்கள் மேலேறியுள்ளன. ஆதலாற் பாத்திரம் மூளையற்றவர் போலத் தோன்றுகிறது. உச்சியிலிருந்து நாடிவரை ஒரு கோடிட்டு நடுப்புள்ளியைக் குறித்து மீண்டும் வரைக' என்பதே திருத்தம். முக்காற் பங்கு திரும்பிய முகத்தில் அப்பாலுள்ள கண் ஒடுங்கித் தோன்றுதல் வேண்டும். மூக்கின் கீழும் உதட்டின் கீழும் நாடியின் கீழும் வீழும் நிழல்கள் ஒரே ஒளியினின்றும் பிறந்தனவாயிருத்தல் வேண்டும். கழுத்து, நட்ட கம்பம் போலன்றித் தோளிலிருந்து முன்சாய்ந்து எழுதல் வேண்டும். இவை சுவைபற்றிய பிணக்குகள் அல்ல; பார்த்துச் சரிபிழை கூறத்தக்கவை. இவற்றை முதலிற் கூறி, பாத்திரத்தின் இயல்பு பற்றிய கருத்தைப் பின்னர் கூறுவதே முறை. ஒரே வேளையில் இருபது குறைகளை அடுக்குவதும் பயனற்றது. அடுத்த படத்திலே திருத்தக்கூடிய இரண்டு மூன்றைச் சொல்லின் போதும்.

வினவுவோருக்கும் கடன் உண்டு. இப்பாத்திரம் யார், எந்தக் கதையில் என்ன செய்பவர், படம் எவ்வளவு சிறிதாகத் தோன்றப்போகிறது என்பவற்றை முதலிற் சொல்லாது படத்தை மட்டும் நீட்டுவோர், திருத்தத்தையன்றி வாழ்த்தையே நாடுகின்றனர் என ஐயுற இடமுண்டு. முடிந்த படத்தைக் காட்டுவதைவிட முதற் கோட்டுருவைக் காட்டுதல் நன்று. அப்போதே திருத்துவது எளிது. பிறரிடம் செல்லுமுன் படத்தைக் கண்ணாடியிற் பிடித்துப் பார்த்தால், பழகிய கண்ணுக்குத் தப்பிய கோணல்கள் உடனே புலப்படும். நகத்தளவாகச் சுருக்கிப் பார்த்தால் முகம் எஞ்சுகிறதா, அணிகலன் மட்டும் எஞ்சுகிறதா என்பது தெரியும். இவ்விரு சோதனைகளுக்கும் பணமும் வேண்டாம், ஆசிரியரும் வேண்டாம்.

இவ்வாறு நிகழ்வதற்கு ஓரிடம் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இன்று காண்பியக் கலை ஒரு கற்கைநெறி. தமிழ் கற்போர் புராணப் பாத்திரங்களின் இயல்பை அறிவர்; காண்பியக் கலை பயில்வோர் முகத்தின் அமைப்பை அறிவர்; கணினி கற்போர் விளையாட்டின் தேவையை அறிவர். இம்மூவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒருவரையொருவர் அறியாது நடமாடுகின்றனர். மாதத்துக்கு ஒரு மாலைப்பொழுது, ஒரு மண்டபச் சுவர், அதில் வெளியிளைஞரும் கொண்டுவந்து ஒட்டும் படங்கள், அவற்றைச் சுற்றி நின்று இடமும் காரணமும் வழியும் கூறும் பத்துப் பேர் ஆகியவற்றுக்குப் பெருநிதி எதுவும் தேவையில்லை. 1938 இல் ஓர் ஓவிய ஆசிரியரால் இயன்றது, பீடங்கள் பல கொண்ட பல்கலைக்கழகத்தால் இயலாதெனின் அதற்குக் காரணம் வசதியின்மை அன்று.

சூரபன்மனுக்கும் சிங்கமுகனுக்கும் உலகின் விளையாட்டுத் திரைகளில் முகம் ஒன்று ஒருநாள் அமையவே போகிறது. அம்முகம் அவர்களின் கதையை அறியாத கையினால் அமையுமா, அக்கதை நாள்தோறும் படிக்கப்பட்ட மண்ணின் கையினால் அமையுமா என்பதே எஞ்சியுள்ள வினா. இம்மண்ணின் கைகள் இன்று பயில்கின்றன, பயிலும்போது பிழைக்கின்றன. அப்பிழையைக் கண்டும் சொல்லாதிருப்போர், நாளை அம்முகம் பிறரால் வரையப்பட்டுப் பிழைபட்டு வரும்போது குறைகூறும் உரிமையை இழந்துவிடுகின்றனர்.